மறைவிடத் தோலில் மாற்றம் தெரிந்தால்: பூசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் தோல்நோய்க் கிளினிக் ஒன்றில் தாதியாகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வசனம், "கொஞ்ச நாளாக் கடிக்குது, பாமசியில ஒரு ரியூப் வாங்கிப் பூசினனான்" என்பதுதான். எங்கள் பேச்சில் கடி என்றால் அரிப்பு. அந்தக் கொஞ்ச நாள் சில வேளை ஆறு மாதமாக இருக்கும், சில வேளை ஆறு வருடமாகவும் இருக்கும். ரியூப்பின் பெயர் நினைவிராது. தொடக்கத்தில் தோல் எப்படி இருந்தது என்று கேட்டால், பார்க்கவில்லை என்பார்கள். முகத்தில் ஒரு பரு வந்தால் நாளுக்கு நான்கு தரம் கண்ணாடி பார்க்கும் நாம், மறைவிடத்தில் வரும் மாற்றத்தை மட்டும் பார்க்காமலே பூசுகிறோம். பூசிய பின் தோலின் தோற்றம் மாறிவிடுவதால், அனுபவமுள்ள வைத்தியருக்கும் அதை அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியை மருந்தில் தொடங்காமல் பார்ப்பதில் தொடங்குகிறேன்.

பார்க்கும் முறை

குளித்து, ஈரம் துடைத்து, தோல் நன்கு உலர்ந்த பின் பார்ப்பதே நல்லது. வியர்வையும் பவுடரும் படிந்திருக்கும் தோல் சரியாகத் தெரியாது. அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பகல் வெளிச்சம் விழும் சன்னலருகே அமர்ந்து, கைக்கண்ணாடியொன்றைக் கால்களுக்கிடையில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் கைத்தொலைபேசியின் விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் மேடுபள்ளம் மறைந்துவிடும். பக்கவாட்டில் பிடித்தால் சிறு தடிப்பும் நிழலோடு தெரியும். பெண்கள் வெளியுதடுகளைப் பார்த்த பின் அவற்றை மெதுவாக விரித்து, உள்ளுதடுகள், அவை மேலே சேருமிடம், யோனி வாயில், அங்கிருந்து மலவாய் வரையிலான பகுதி என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ஆண்கள் தொடையிடுக்கு, விதைப்பையின் முன்பக்கமும் பின்பக்கமும், ஆண்குறியின் தண்டு ஆகியவற்றைப் பார்த்து, முன்தோல் இலகுவாகப் பின்செல்லுமாயின் அதை விலக்கி மொட்டையும் அதன் விளிம்பையும் பார்க்க வேண்டும். பார்த்து முடிந்ததும் முன்தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னுக்கு விட்டபடியே இருந்தால் அது வீங்கி இறுகி, திரும்ப முன்னுக்கு வராத நிலை ஏற்படலாம்.

பார்த்ததை ஒரு கொப்பியில் நான்கைந்து வரியாக எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் மடிப்பின் ஆழத்தில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா. ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமும் ஒரே மாதிரியா. மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கிறதா, செதிலாகவா, ஈரமாகவா, சுருங்கியா. விளிம்பு கோடு கிழித்தது போல இருக்கிறதா, மெல்ல மங்கிப் போகிறதா. கடிக்கிறதா, எரிகிறதா, நோகிறதா, அல்லது ஒன்றுமே இல்லையா என்பவற்றோடு, முதன்முதல் கண்ட திகதியையும் அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் புதிதாக எடுத்த குளிசைகளையும் எழுதுங்கள். படம் எடுத்து வைத்தால் வைத்தியருக்கு உதவும் என்பது உண்மைதான், ஆனால் பல கைத்தொலைபேசிகள் எடுத்த படங்களைத் தாமாகவே இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்புகின்றன. அந்த அமைப்பை நிறுத்தத் தெரியாதவர்கள் படம் எடுக்காமல் ஒரு கோட்டுச் சித்திரம் வரைந்து புள்ளியிட்டுக் காட்டினாலே போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "சிவந்த தடிப்பு", "இளஞ்சிவப்புப் படை" என்றெல்லாம் பாடநூல்களில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்முடைய தோலில் அழற்சி பல வேளைகளில் சிவப்பாகத் தெரியாது. சுற்றுப்புறத்தை விடக் கறுத்து, ஊதா கலந்து, அல்லது சாம்பல் படிந்த மண்ணிறமாகத் தெரியும். அழற்சி ஆறிய பிறகும் அந்தக் கறுப்பு மாதக் கணக்கில் நிற்கும். அது நோய் மாறவில்லை என்பதன் அடையாளம் ஆகாது. கறுப்பைப் போக்கவென்று மேலும் மேலும் மருந்து பூசத் தேவையில்லை.

அதே வேளையில் உடம்பின் வேறு சில இடங்களையும் பாருங்கள். விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் இருந்தால் மறைவிடத்துக் கடி சிரங்காக இருக்கக்கூடும். முழங்கையிலும் தலையிலும் செதில் இருந்தால் சொரியாசிஸ் என்னும் தோல்நோயை நினைக்க வேண்டும். தோல் மடிப்பில் வரும்போது அந்நோய் செதிலை இழந்து பளபளப்பான படையாகத் தோன்றும். கால்விரலிடுக்கில் பங்கசு இருந்தால், உள்ளாடை அணியும்போது அது பாதத்திலிருந்து தொடையிடுக்குக்கு ஏறும். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம் ஆகியவற்றையும் ஒரு தடவை பாருங்கள். அதன் காரணம் பின்னர் வரும்.

நோயென்று அஞ்சப்படும் இயல்புகள்

திருமணத்துக்குச் சில வாரங்களே இருந்த ஓர் இளைஞர் ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தார். ஆண்குறி மொட்டின் விளிம்பில், கோர்த்த மணிகளைப் போல ஒரே அளவான சிறு முனைகள் இரண்டு வரிசையாக இருந்ததை அவர் பாலுறவால் தொற்றும் பாலுண்ணி என்று நினைத்து, யாரோ சொன்ன முறைப்படி சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைத்திருந்தார். விளிம்பின் பாதி வெந்து புண்ணாகியிருந்தது. எஞ்சிய பாதியில் அந்த முனைகள் அப்படியே நின்றன. வைத்தியர் பார்த்த மாத்திரத்தில், அவை பிறருக்குத் தொற்றாத, ஆண்கள் பலருக்கும் இளமையில் தோன்றும் இயல்பான முத்துமுனைகள் என்று சொன்னார். "அப்ப இது வருத்தமே இல்லையா மிஸ்?" என்று அவர் என்னிடம் இரண்டு தரம் கேட்டார். புண் ஆறியது, ஆனால் அதுவரை அவர் பட்ட நோவுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

பெண்களின் உள்ளுதடுகளின் உட்புறத்திலும் இதுபோன்ற மென்மையான சிறு முனைகள் இயல்பாக இருப்பதுண்டு. அவற்றைப் பாலுண்ணியிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு. இயல்பான முனைகள் இரு பக்கமும் ஒத்து, ஒவ்வொன்றும் தனித்தனி அடியிலிருந்து எழும். பாலுண்ணியோ ஒழுங்கற்றுத் தோன்றி, ஒரே அடியிலிருந்து பல முனைகள் கிளைத்து, சிறிய பூக்கோவாவைப் போல இருக்கும். தோலை இழுத்துப் பார்க்கையில் தெரியும் வெளிர்மஞ்சள் நிறக் குண்டூசித் தலைகள் எண்ணெய்ச் சுரப்பிகளேயன்றி வேறில்லை. வயது கூடும்போது விதைப்பையில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும் சிறு புள்ளிகள் இரத்த நுண்குழாய்களின் விரிவு. கிள்ளினால் இரத்தம் வரும், கிள்ளாவிட்டால் தொல்லை இல்லை.

மறைவிடத் தோல் உடம்பின் ஏனைய தோலை விடக் கறுப்பாக இருப்பதும் இயல்பே. பருவமடையும்போதும் கர்ப்பத்தின்போதும் அது மேலும் கறுக்கும். அதை வெளுக்க வைப்பதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் கிறீம்களை வாங்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தோலை வெளுக்கவென்று விற்கப்படும் பூச்சுகளில் அழற்சியை அடக்கும் வலிமையான மருந்தான ஸ்டீரொயிட்டும் பாதரசமும் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. ஆனால் தொடையிடுக்கும் கழுத்தின் பின்புறமும் அக்குளும் ஒருசேரக் கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்து வந்தால், அது இன்சுலின் சரியாகச் செயற்படாததன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், தோலைத் தேய்க்காமல் இரத்தத்தில் சீனியைச் சோதித்துப் பாருங்கள்.

கடி

சித்திரை, வைகாசி மாத வெக்கையில் தொடையிடுக்குக் கடியோடு வருபவர்களில் பலருக்கு இருப்பது பங்கசால் வரும் படர்தாமரை. அதன் விளிம்புதான் அதன் முகவரி. வெளிவிளிம்பு சற்று உயர்ந்து, செதிலோடு, வளைகோடாக முன்னேறிச் செல்ல, உட்பகுதி மெல்லத் தெளிந்து வரும்; விதைப்பையை அது பெரும்பாலும் விட்டுவைக்கும். பங்கசு மருந்தான குளோட்ரிமசோல் 1% கிறீமை, விளிம்புக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர் வரை சேர்த்து, நாளுக்கு இரண்டு தரம் பூசினால் சிறிய படைகள் ஆறும். கடி நின்றவுடன் விட்டுவிடாமல், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். அண்மைக் காலத்தில் தெற்காசியா முழுவதும் பரவியுள்ள ஒரு பங்கசு வகை வழமையான மருந்துகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. எனவே நான்கு வாரத்தில் குறையாவிட்டாலும், தொடை தாண்டிப் பிட்டத்துக்கும் வயிற்றுக்கும் பரவினாலும், குளிசைகள் தேவைப்படும். அவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன ரியூப் வருகிறது. பங்கசு மருந்து, நுண்ணுயிர் மருந்து, வலிமையான ஸ்டீரொயிட் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்த கிறீமைப் பூசினால் இரண்டே நாளில் கடி அடங்கிவிடும், அதனால்தான் மக்கள் அதை நம்புகிறார்கள். கடியை அடக்கியது ஸ்டீரொயிட். அது தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கிவிடுவதால், பங்கசு சத்தமில்லாமல் வளர்கிறது. அடையாளம் காட்டும் அந்த விளிம்பு மங்கி, வளையத்துக்குள் வளையமாகவும் உருத் தெரியாத கறுப்புப் படையாகவும் மாறிவிடுகிறது. பூசுவதை நிறுத்தினால் முன்னிலும் மோசமாகக் கடிக்கும். ஆகவே மறுபடி ஒரு ரியூப். மாதக் கணக்கில் இப்படிப் பூசியவர்களின் தொடையிடுக்கில், பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பது போன்ற கோடுகள் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவை முற்றாக மறைவதில்லை. ஹைட்ரோகோட்டிசோன் என்னும் ஸ்டீரொயிட்டை வைத்து 1967 இல் வெளிவந்த ஆய்வொன்றில், விதைப்பைத் தோல் முன்கைத் தோலைப் போல் சுமார் 42 மடங்கு அதிகமாக அதை உறிஞ்சியது கண்டறியப்பட்டது. கையில் பூசிப் பழகிய மருந்தை இங்கே அதே துணிவோடு பூசக் கூடாது என்பதற்கு இதை விடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ரியூப்பின் மேலுள்ள பெயர்களில் க்ளோபீட்டசோல், பீட்டாமெதசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் மறைவிடத்தில் பூசாதீர்கள்.

மடிப்பின் ஆழத்தில் ஈரமாகப் பளபளத்து, சுற்றிலும் சிறு பருக்கள் தெறித்தது போல இருந்து, விதைப்பையையும் விட்டுவைக்காவிட்டால் அது கண்டிடா என்னும் ஈஸ்ட்டாக இருக்கலாம். பெண்களுக்குத் தயிர் திரண்டது போன்ற வெள்ளைபடுதலோடும், ஆண்களுக்கு முன்தோல் வெடித்து எரிவோடும் அது வரும். ஒரு தடவை வந்து மாறினால் பெரிய விடயமல்ல. திரும்பத் திரும்ப வந்தால் சீனி வருத்தத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது. முன்தோல் வெடிப்புக்கென்று வந்து, சீனி வருத்தம் இருப்பதை அன்றுதான் முதன்முதல் அறிந்துகொண்டவர்கள் உண்டு. ஏற்கனவே சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், டபாகிளிஃபுளோசின் அல்லது எம்பாகிளிஃபுளோசின் என்ற குளிசை தங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் மறைவிடத்தில் ஈஸ்ட் வளர்வதற்கு வழி உண்டாகிறது. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

இரவில் படுத்த பிறகு கூடும் கடி, வீட்டில் இன்னொருவருக்கும் கடி என்றால் அது தோலுக்குள் வாழும் நுண்பூச்சியால் வரும் சிரங்கு. ஆண்குறியிலும் விதைப்பையிலும் பயறளவில் தடித்த பருக்கள் எழுவது இதன் தனி அடையாளம். பெர்மெத்ரின் 5% கிறீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடியும் உட்பட, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூசி, 8 முதல் 14 மணித்தியாலத்தின் பின் கழுவி, ஒரு வாரத்தின் பின் மறுபடி செய்ய வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடிப்பவர் மட்டும் பூசினால் மருந்து வீணாகும். பூச்சிகள் இறந்த பின்னும் அந்தத் தடிப்புகள் சில வாரங்கள் நின்று கடிக்கும் என்பதால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணித் தினமும் பூச வேண்டாம்.

பங்கசும் இல்லை, சிரங்கும் இல்லை, ஆனாலும் கடிக்கிறது என்றால் உங்களுடைய குளியலறையையும் கிணற்றடியையும் ஆராயுங்கள். நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது. அதில் சவர்க்காரம் நுரைப்பது அரிது, அதனால் நாம் கூடுதலாகப் போடுகிறோம், போட்டது முழுவதும் கழுவுப்பட்டுப் போவதுமில்லை. குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் குளிக்கும் பெண்களுக்கு அந்தக் கழிவு நீர் துணியோடு சேர்ந்து தொடையிடுக்கிலே தங்கிவிடுகிறது. துணி தோய்க்கும் தூளும் அப்படியே உள்ளாடையில் நிற்கும். இவற்றோடு வாசனைத் திரவம், வாசனையூட்டிய மாதவிடாய்ப் பாட், கிருமிநாசினித் திரவம், உள்ளி அரைத்த பூச்சு, தேசிக்காய்ப் புளி ஆகிய எதுவும் அந்தத் தோலை எரிக்கவல்லது. உள்ளி தோலைக் கொப்புளிக்க வைப்பதை நேரில் கண்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு அந்த இடத்துக்குச் சவர்க்காரத்தை முற்றாக விட்டு, வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, மணமில்லாத வஸ்லினை மெல்லியதாகப் பூசி, தளர்ந்த பருத்தித் துணி அணிந்து பாருங்கள். யோனியின் உட்புறத்தைக் கழுவவே தேவையில்லை. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அங்கப்பிரதட்சணம் செய்யும் ஆண்கள் ஈர வேட்டியோடு நெடுநேரம் நின்று, பிறகு தொடையிடுக்கு உரசிப் புண்ணாகி வருவார்கள். உலர்ந்த மாற்று வேட்டியொன்றைக் கையோடு கொண்டு போவதே அவர்களுக்கான மருந்து.

வெண்மை

ஒரு முதிய அம்மா, அறுபதைக் கடந்தவர், மகளையும் வெளியே நிறுத்திவிட்டு என்னோடு மட்டும் உள்ளே வந்து, "பிள்ளை, இது வெண்குட்டமோ?" என்று கேட்டார். பத்து வருடமாக மறைத்து வைத்திருந்த கேள்வி அது. உள்ளுதடுகள் இருந்த இடமே தெரியாமல் ஒட்டிச் சமமாகி, தோல் வெளிறி, வெங்காயச் சருகைப் போல மெல்லியதாகச் சுருங்கியிருந்தது. அந்த வெண்மை மலவாயையும் சுற்றி வளைத்து எட்டு என்ற இலக்கத்தின் உருவில் நின்றது. சொறிந்த இடங்களில் இரத்தக் கண்டல்கள் இருந்தன. இரவில் நித்திரை இல்லை என்றார்.

அது வெண்குட்டம் அல்ல. வெண்குட்டத்தில் நிறம் மட்டுமே போகும். தோலின் மென்மையும் உருவமும் மாறா, கடியும் பொதுவாக இராது. அவருக்கு இருந்தது லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்னும் நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம் வரும். பருவமடையாத சிறுமிகளுக்கும் வருவதுண்டு. ஆண்களுக்கு வந்தால் மொட்டும் முன்தோலும் வெளிறி, முன்பு இலகுவாகப் பின்சென்ற முன்தோல் இறுகிவிடும். இது தொற்றாது, பாலுறவால் வருவதுமில்லை. ஆனால் கவனியாது விட்டால் உறுப்பின் அமைப்பே அழிவதோடு, சிறு விகிதத்தினருக்கு அந்த இடத்தில் புற்றுநோய் தோன்றவும் கூடும்.

இதற்குரிய முதல் மருந்து, வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் பூசக் கூடாது என்று மேலே நான் எழுதிய அதே க்ளோபீட்டசோல்தான். வைத்தியரின் மேற்பார்வையில் முதல் மாதம் தினமும் ஒரு தரம், இரண்டாம் மாதம் ஒன்றுவிட்ட நாள், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு தரம் என்ற ஒழுங்கில், 30 கிராம் ரியூப் ஒன்று மூன்று மாதத்துக்குப் போதுமான அளவில் மெல்லியதாகப் பூசுவது வழமை. ஒரே மருந்து ஒருவருடைய தோலைக் காப்பாற்றுகிறது, இன்னொருவருடைய தோலைக் கெடுக்கிறது. அயல்வீட்டுக்காரருக்கு மாறிய ரியூப்பை வாங்கிப் பூசக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனாலேயே. அந்த அம்மா மூன்றாம் மாதம் வந்தபோது, நித்திரை வருகிறது என்று மட்டும் சொன்னார். இழந்த உருவம் திரும்பவில்லை. பத்து வருடத்துக்கு முன் வந்திருந்தால் அதையும் காத்திருக்கலாம்.

புண்ணும் கொப்புளமும்

புண் என்றால் முதலில் கேட்க வேண்டியது நோகிறதா என்பதே. நோகாத புண்ணே இங்கே கூடுதலாக அஞ்சத்தக்கது. பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் என்னும் நோயின் முதற்புண் ஒற்றையாக, அடியில் கெட்டியாக, நோவின்றி, தொற்றிய பின் 9 முதல் 90 நாளுக்குள் தோன்றி, மருந்தில்லாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆறியதை மாறியதென்று எண்ணி இருந்தவர்களுக்குப் பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் படைகள் எழும். அவற்றைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். தொடக்கத்திலேயே கண்டால் ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசியில் குணமாகும். கர்ப்பிணிகளுக்கு இதற்கான இரத்தச் சோதனையை ஒழுங்காகச் செய்து வந்ததன் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கிளினிக்கில் இரத்தம் எடுக்கச் சொன்னால் கூச்சப்பட வேண்டாம்.

முதலில் கூச்செறிந்து எரிந்து, பின் சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, உடைந்து மிகவும் நோகும் புண்களாகி, மாறிய பிறகு அதே பகுதியில் மறுபடி வருமானால் அது ஹெர்பீஸ் என்னும் வைரசுத் தொற்றாக இருக்கலாம். முதல் தடவை வரும்போது அசைக்ளோவிர் குளிசையை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. காத்திருந்து பார்க்காமல் அன்றே போங்கள். ஒன்றை மட்டும் தம்பதியர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கிருமி உடம்பில் பல வருடம் ஒளிந்திருந்து, முதன்முதல் இன்றைக்குத் தலைகாட்டலாம். பாலுண்ணிக்கும் தொற்றியதிலிருந்து தோன்றும் வரை பல மாதங்கள் ஆகலாம். ஒரு கொப்புளத்தை வைத்து யார் எப்போது தவறினார் என்று தீர்மானிக்க முடியாது. சோதனை முடிவு வருவதற்கு முன் வீட்டில் பிரளயம் நடந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் அது பாலியல் நோயே அல்ல.

அப்படித் தவறாகப் பழி சுமக்கும் ஒன்று, மருந்தினால் வரும் நிலைத்த படை. மொட்டிலோ தண்டிலோ பெண்ணுறுப்பின் உதட்டிலோ சதத்தளவு வட்டமாக ஊதா கலந்து கறுத்து, சில வேளை கொப்புளித்து, ஆறிய பின் கறுப்புத் தழும்பாக நிற்கும். சில மாதம் கழித்து அச்சொட்டாக அதே இடத்தில் மறுபடி எழும். ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்திய நாளோ அன்றோ என்ன குளிசை எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கோட்ரைமொக்சசோல், டொக்சிசைக்கிளின், நோவுக்கு எடுக்கும் ஐபுபுரோஃபென் போன்றவை இதற்குக் காரணமாவதுண்டு. அந்த மருந்தின் பெயரை எழுதி, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

பாலுண்ணி பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் வைரசின் 6, 11 வகைகளால் வருவது. புற்றுநோயாக மாறுவது அரிது, ஆனால் அடுத்தவருக்குத் தொற்றும். கடையில் விற்கும் கால் ஆணி மருந்தை அங்கே வைக்கவே கூடாது. 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் தர மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது, சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் ஒப்பமிடுங்கள். நடுவில் குழி விழுந்த, முத்துப் போன்ற பருக்கள் வேறொரு வைரசால் வருபவை. அவை தாமாகவே மாறும்.

காத்திருக்கக் கூடாதவை

மூன்று வாரத்தில் ஆறாத புண், தடித்துக்கொண்டே வரும் கட்டி, தொட்டால் இரத்தம் கசியும் இடம், நிறமும் உருவமும் மாறும் மச்சம், விலக்க முடியாமல் இறுகிய முன்தோலின் அடியிலிருந்து வரும் நாற்றமும் கசிவும் ஆகியவற்றுக்கு எந்தப் பூச்சும் பூசாமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு சிறு துண்டு தோல் எடுத்துச் சோதிப்பார்கள், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டே அதைச் செய்வார்கள்.

இன்னும் சில அன்றைக்கே போக வேண்டியவை. சீனி வருத்தமுள்ள ஒருவருக்கு விதைப்பையிலோ பெண்ணுறுப்பின் உதட்டிலோ மலவாயருகிலோ வீக்கம் மணிக்கு மணி பரவி, பார்வைக்குத் தெரிவதை விட நோவு பன்மடங்காக இருந்து, தோல் கறுக்கத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான தொற்று. புதிய குளிசையொன்று தொடங்கிச் சில நாளில் மறைவிடத்தோடு வாயும் கண்ணும் சேர்ந்து புண்ணாகித் தோல் உரிந்தால் அதுவும் அவ்வாறே. பின்சென்ற முன்தோல் வீங்கித் திரும்பாவிட்டாலும், சலம் போக முடியாவிட்டாலும் விடியும் வரை பார்த்திருக்காமல் 1990 க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் கட்டணமில்லை.

எங்கே போவது, எப்படிச் சொல்வது

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல்நோய்க் கிளினிக்கும் பாலியல் நோய்க் கிளினிக்கும் உள்ளன. பாலியல் நோய்க் கிளினிக்குக்கு வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. விபரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். பெயர்ப்பலகையைக் கண்டு பலர் வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாசலைத் தாண்டிப் போனவர்களை அங்கே யாரும் நியாயம் விசாரிப்பதில்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் இருப்பவர்கள் தமது ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். பெண்கள் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஊடாகப் பெண்களுக்கான கிளினிக்குக்கு வழி காட்டுவார்.

வைத்தியரிடம் "கீழ்ப்பக்கம் ஒரு மாதிரி" என்று சொன்னால், அவர் சலக்கடுப்பு என்று விளங்கி மருந்து எழுதிவிடக்கூடும். "பெண்ணுறுப்பின் வெளியுதட்டில் மூன்று மாதமாகக் கடி, தோல் வெளிறியிருக்கிறது" அல்லது "ஆண்குறி மொட்டில் நோகாத புண், பத்து நாளாக இருக்கிறது" என்று இடம், மாற்றம், காலம் மூன்றையும் ஒரே வசனத்தில் சொல்லுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் எழுதி வைத்திருக்கும் கொப்பியை நீட்டுங்கள், அதுவே போதும். பெண் வைத்தியர் வேண்டுமென்றோ, பார்க்கும்போது ஒரு தாதி உடனிருக்க வேண்டுமென்றோ கேட்பது உங்கள் உரிமை. பார்க்காமல் மருந்து எழுத முற்பட்டால், "ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ டொக்டர்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

போகும் நாளுக்கு முந்திய இரவிலிருந்து அந்த இடத்தில் கிறீம், பவுடர், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். பங்கசுக்கெனத் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது அவை தடையாக இருக்கும். சவரமும் செய்ய வேண்டாம். இதுவரை பூசியவை அனைத்தையும், முடிந்துபோன வெற்று ரியூப்புகளையும் பரியாரியார் தந்த எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்து, ஒரு பைக்குள் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.